கோலப் புள்ளியிலிருந்து அங்கோலா மணலுக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் "ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், சுவரில் தொங்கும் உலகப் படத்தைத் தேடும். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாலும் முழு மதிப்பெண் கொடுக்கலாம். எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வரை நீளும் மேட்டு நிலங்களில் காட்டுப் புல்லாகக் கிடந்ததை அந்த மண்ணின் உழவர்கள் பழக்கிப் பயிராக்கிய தானியம்தான் கேழ்வரகு. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கென்யாவில் இன்றைக்கும் கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சிக் காலையில் குடிக்கிறார்கள்.

கேழ்வரகோடு முடியவில்லை. சோளம் கிழக்குச் சூடானில் பிறந்தது. அங்கே கிடைத்த சுமார் 5,000 ஆண்டுப் பழமையான பானை ஓடுகளில் சோள உமியின் தடம் பதிந்திருக்கிறது. கம்பு, சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் மாலி நாட்டுப் பக்கம் பயிரானது. தட்டைப்பயறு மேற்கு ஆப்பிரிக்காவின் கொடை. மலைவாழ் மக்கள் உலுக்கிக் கூடையில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுவரும் புளிக்கும் தாயகம் ஆப்பிரிக்காதான். கொல்லையில் கத்தித் திரியும் கினிக்கோழியும் அங்கிருந்து வந்ததே. சாமை மட்டும் இந்திய மண்ணிலேயே பயிரானது. ஆக, மலைக்காட்டின் ஒரு வயலில் இரண்டு கண்டத்து உழவர்களின் உழைப்பு பக்கத்துப் பக்கத்தில் கதிர் விட்டு நிற்கிறது.

இதை வகுப்பில் யார் சொல்வது?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்புப் புவியியலில் ஆப்பிரிக்கா வருகிறது. தனிப்பாடமாக வரவில்லை. ஆஸ்திரேலியா, அண்டார்டிகா இரண்டோடும் சேர்ந்து ஒரே பாடமாக வருகிறது. ஆண்டின் கடைசிப் பகுதியில், தேர்வு நெருங்கும் நேரத்தில், எல்லை, ஆறுகள், காலநிலை, கனிமங்கள் என்று ஆசிரியர் விரைந்து முடிக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று கண்டங்களை எத்தனை பாடவேளையில் நடத்துவது? ஆனால் அந்த அவசரத்தில் அங்கே வாழும் மனிதர்கள் விடுபட்டுப் போகிறார்கள். விடுபட்ட இடத்தைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் நிரப்புகின்றன: சிங்கம், பாலைவனம், பசித்த குழந்தை, துப்பாக்கி ஏந்திய சிறுவன். 54 நாடுகளும் 2,000-க்கும் மேற்பட்ட மொழிகளும் இந்தியாவின் மக்கள்தொகைக்கு ஏறக்குறையச் சமமான மக்களும் கொண்ட ஒரு கண்டம் நான்கு படங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

சுவரில் தொங்கும் படமும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. பல பள்ளிகளில் இருக்கும் உலகப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல் 14 மடங்கு பெரியது. பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவை ஒன்பது முறை உள்ளே வைக்கலாம். பிள்ளைகளிடம் கத்தரிக்கோலும் செய்தித்தாளும் கொடுத்து, சரியான அளவில் இந்தியாவை ஒன்பது துண்டு வெட்டி ஆப்பிரிக்காவின் மேல் ஒட்டச் சொன்னால், அரை மணி நேரத்தில் கண்டத்தின் பருமன் கைக்குப் பிடிபட்டுவிடும்.

ஒரே ஒரு படத்தை வைத்து ஒரு மண்ணை எடைபோடுவது எப்படிப்பட்ட அநியாயம் என்று கல்வராயன் மலைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1970-களின் நடுப்பகுதி வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் சமவெளிக்கு வந்து பல தலைமுறைக்குப் பிறகே இங்கே ஏறின. வெளியூர்ச் செய்தித்தாள்களில் இந்த மலையின் பெயர் இரண்டே காரணத்துக்காக அடிபடும்: சாராய ஊறல், செம்மரம் வெட்டப் போய் ஆந்திராவில் பிடிபட்டவர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, மாவட்டத்தின் பெயரே அந்தத் துயரத்தின் பெயராகிப் போனது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் பூர்வீகம் சொல்லும் மலையாளிப் பழங்குடியினர், கடுக்காயும் தேனும் எடுப்பதோடு நெல்லும் சாமையும் விளைவிப்பவர்கள், எத்தனையோ பட்டதாரிகளை இன்று பெற்றெடுத்தவர்கள் என்பதெல்லாம் செய்தி ஆவதில்லை. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, மலையிறங்கிக் கல்லூரிக்குப் போகும்போது "நீ காட்டு ஆளா?" என்ற கேள்வியைச் சந்திக்க நேர்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஆப்பிரிக்காவைக் காட்டுவாசிகளின் கண்டமாகச் சொல்லிக்கொடுத்தால் அதைவிடக் கொடுமை இல்லை.

ஆனால் அதுதான் நடக்கிறது. பள்ளி ஆண்டு விழாக்களில் "ஆப்பிரிக்க நடனம்" என்று ஒன்று தவறாமல் இடம்பெறும். முகத்திலும் கையிலும் கரி பூசி, இலைதழை கட்டி, ஈட்டி ஏந்திக் குதிக்கும் பிள்ளைகளுக்குக் கைதட்டல் கிடைக்கும். பழைய தமிழ்த் திரைப்படங்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த நகைச்சுவையின் மிச்சம் அது. மேடையில் சிரித்துப் பழகியது மேடையோடு நிற்பதில்லை. 2016 ஜனவரி கடைசியில் பெங்களூருவில் தான்சானியா நாட்டு மாணவி ஒருவரைக் கும்பல் தாக்கியது. அடுத்த ஆண்டு கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை வணிக வளாகத்துக்குள்ளேயே அடித்தார்கள். கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் வேலைக்குப் போய் இறங்கும் ஊர்களில் பெங்களூருவும் ஒன்று. அங்கே பக்கத்து வீட்டில் ஒரு நைஜீரியரோ தான்சானியரோ குடியிருக்கலாம். அவரை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எட்டாம் வகுப்பில் தீர்மானமாகிறது.

ஆசிரியர்களுக்கு இந்த விஷயத்தில் கைகொடுத்த ஒருவரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். பௌலுஸ் கெர்தெஸ் என்பவர் நெதர்லாந்தில் பிறந்து, மொசாம்பிக் விடுதலை பெற்றதும் அங்கே போய்க் குடியுரிமை பெற்றுக் கணித ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர். 1975-இல் போர்ச்சுக்கீசியர் வெளியேறியபோது மொசாம்பிக்கில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மிகக் குறைவு. கணக்கு என்றால் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்ற எண்ணம் ஆசிரியர்களிடமே இருந்தது. அந்த எண்ணத்தை மாற்ற, கூடை முடைவதிலும் பாய் பின்னுவதிலும் வீடு கட்டுவதிலும் ஒளிந்திருக்கும் கணக்கை அவர் வெளியே எடுத்துக் காட்டினார். அவர் அதிகம் ஆராய்ந்தது அங்கோலாவின் சோக்வே மக்கள் போடும் மணற்கோலங்களை. அவற்றுக்கு 'சோனா' என்று பெயர்.

சோக்வே பெரியவர் ஒருவர் மாலையில் மரத்தடியில் உட்கார்கிறார். மணலைக் கையால் நிரவுகிறார். விரல் நுனியால் வரிசையாகப் புள்ளி குத்துகிறார். கதை சொல்லத் தொடங்குகிறார். கதை நகர நகர விரல் புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. விரலை எடுக்கக் கூடாது, தயங்கி நிற்கக் கூடாது. கதை முடியும் இடத்தில் கோடும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. நம் பெண்கள் வாசலில் சாணம் தெளித்துப் புள்ளி வைத்துப் போடும் கம்பிக் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அங்கே இது ஆண்களின் கலை, இங்கே பெண்களின் கலை. அங்கே கதை உண்டு, இங்கே மார்கழிக் குளிர் உண்டு. கெர்தெஸ் இந்த ஒற்றுமையைக் கண்டு, தமிழ்க் கோலங்களைப் பற்றியே தனியாக எழுதியிருக்கிறார். 2023-இல் யுனெஸ்கோ சோனாவை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான பணி நடந்தது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலத்தைக் கணினி அறிவியலின் கண்ணால் ஆராய்ந்து எழுதினார்கள். அது உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

வகுப்பறைக்கு இதில் என்ன கிடைக்கும்? ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி என்றொரு பாடம் உண்டு. பல பிள்ளைகளுக்கு அது வெறும் மனப்பாடம். கரும்பலகையில் வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் கம்பி சுற்றி வர வேண்டும், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கம்பிகள் குறுக்கே வெட்டிக்கொள்ள வேண்டும், ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும். ஒரே கம்பியில் கோலம் முடிந்துவிடும். இப்போது வரிசைக்கு 4 புள்ளியாக 2 வரிசை வைத்துப் பாருங்கள். ஒரு கம்பி பாதிப் புள்ளிகளை விட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். இரண்டாவது கம்பி போட்டால்தான் நிறையும். 6 புள்ளி, 3 வரிசைக்கு மூன்று கம்பிகள். 6 புள்ளி, 4 வரிசைக்கு இரண்டு. ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்: புள்ளி எண்ணுக்கும் வரிசை எண்ணுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கம்பிகள். சோக்வே பெரியவரும் கள்ளக்குறிச்சிப் பாட்டியும் எந்த எண்களை எடுத்தால் ஒரே இழையில் முடியும் என்று அனுபவத்தில் அறிந்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு பாடவேளையில் கணக்கும் நடந்துவிடும், அங்கோலாவும் வந்துவிடும், வகுப்பில் எப்போதும் பின்னால் உட்காரும் ஒரு பெண்பிள்ளை முன்னால் வந்து சாக்பீஸைக் கையில் எடுக்கவும் கூடும்.

பல்லாங்குழியும் அப்படியே. இங்கே இரண்டு வரிசையில் 14 குழி, புளியங்கொட்டையோ சோழியோ காய். கானா நாட்டு 'ஓவாரே' ஆட்டத்தில் 12 குழி, குழிக்கு 4 வீதம் 48 விதை. தான்சானியாக் கடற்கரையின் 'பாவோ' ஆட்டத்தில் 32 குழி, 64 விதை. தொடக்கப் பள்ளியில் கூட்டலும் பங்கிடுதலும் கற்பிக்க மண்ணில் குழி தோண்டினால் போதும், செலவே இல்லை.

மேல்வகுப்புகளுக்கு இன்னும் கனமான ஒன்று மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு இடம் எடுத்ததால் பேச்சில் அடிபட்ட வீரசோழபுரம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர்ச் சிவன் கோயிலில் சுந்தரரும் பரவை நாச்சியாரும் சேர்ந்து நிற்கும் உலோகத் திருமேனி ஒன்று இருந்தது. 1956-இல் அங்கே எடுத்த புகைப்படம் உண்டு. பிறகு அந்தச் சிலை கோயிலில் இல்லை. கடல் தாண்டி, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பழைய புகைப்படச் சான்றின் பேரில், வேறு இரண்டு தமிழகச் சிலைகளோடு அதையும் இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக 2026 தொடக்கத்தில் அந்த நிறுவனம் அறிவித்தது.

அதே ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம், 2022 அக்டோபரில் 29 பெனின் சிற்பங்களை நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. பெனின் என்பது இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில் செழித்திருந்த அரசு. அதன் அரண்மனைத் தூண்களை உலோகச் சிற்பப் பலகைகள் மூடியிருந்தன. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் அப்பி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றி வார்த்தவை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளும் அதே முறை. 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைக் கைப்பற்றி, அரண்மனையைக் கொள்ளையிட்டு, ஆயிரக்கணக்கான சிற்பங்களை அள்ளிச் சென்றது. அவற்றைக் கண்ட ஐரோப்பியர்களில் பலர், ஆப்பிரிக்கர்கள் இவ்வளவு நுட்பமாகச் செய்திருக்க முடியாது என்று சாதித்தார்கள்.

வீரசோழபுரத்தையும் பெனினையும் ஒரே வகுப்பில் அருகருகே வைத்தால், காலனி ஆட்சி, அருங்காட்சியகம், திருட்டுச் சந்தை, உரிமை என்று பத்தாம் வகுப்பு மாணவர்கள் அவர்களாகவே வாதிடத் தொடங்குவார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சிற்பக் கலைஞர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, தான்சானியா, மொசாம்பிக் எல்லையில் வாழும் மக்கோண்டே மக்கள் கருங்காலி போன்ற கடின மரத்தில் செதுக்கும் உருவங்களின் படத்தைக் காட்டி, "இதை எப்படிச் செதுக்கியிருப்பார்கள், சொல்லுங்கள் ஐயா" என்று கேட்கலாம். உளி பிடித்தவர் சொல்லும் விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

இனி மக்கள் போன வழி. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். 1911-இல் இந்த முறை நிறுத்தப்படும்வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, மாவட்டம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த மாவட்டங்களில் ஒன்று தென்னார்க்காடு. அதில் ஒரு தாலுகாவாக இருந்தது கள்ளக்குறிச்சி.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலை ஓடும் மாவட்டம் இது. கரும்பு வெட்டும் கையில் தோகை கிழித்த கீறல் எப்படி எரியும் என்று இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும். நேட்டால் தோட்டத்தின் வாழ்க்கையை இவர்களுக்குப் புரிய வைப்பது எளிது. ஆனால் ஒன்றை விட்டுவிடக் கூடாது. அந்தக் கரும்பு நடப்பட்டது யாருடைய நிலத்தில்? அது ஆப்பிரிக்கர்களின் நிலம். பக்கத்திலேயே தனியரசாக நிமிர்ந்து நின்ற சூலுக்கள் 1879 ஜனவரியில் இசாண்டில்வானா என்ற இடத்தில் பிரிட்டிஷ் படையை நேருக்கு நேர் தோற்கடித்தவர்கள். சில மாதங்களில் பிரிட்டன் பெரும் படையோடு திரும்பிவந்து சூலு அரசை வீழ்த்தியது. தில்லையாடி வள்ளியம்மையின் தியாகத்தையும் காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தையும் மட்டும் சொல்லி, மண்ணின் மைந்தர்களைப் பின்திரையாக்கிவிடும் பழக்கம் நம் பாடங்களில் நெடுநாளாக உண்டு. அதைத் திருத்த வேண்டியது ஆசிரியர்தான்.

இலக்கியத்துக்குத் தமிழில் வழி இருக்கிறது. நைஜீரியாவின் சினுவா அச்செபே எழுதிய புகழ்பெற்ற நாவல் 'சிதைவுகள்' என்ற பெயரிலும், கென்யாவின் கூகி வா தியாங்கோ எழுதியது 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரிலும் கிடைக்கின்றன. கூகி படித்த காலத்தில், பள்ளி வளாகத்துக்குள் தாய்மொழியான கிக்கூயுவில் பேசி அகப்பட்ட மாணவருக்குப் பிரம்படி விழும், அல்லது கழுத்தில் தகடு மாட்டப்படும். ஆங்கிலத்தில் புகழ்பெற்ற பிறகும் அவர் கிக்கூயுவுக்கே திரும்பி எழுதினார். பேச்சு வழக்குக்காகக் கேலி செய்யப்படும் மலைப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தி போதும். சின்ன வகுப்புகளுக்கு கானாவின் அனன்சி கதைகள் இருக்கின்றன. உருவத்தில் சிறிய சிலந்தி, மலைப்பாம்பையும் சிறுத்தையையும் தந்திரத்தால் பிடித்துக் கொடுத்து, வானத்துக் கடவுளிடமிருந்து உலகத்துக் கதைகளையெல்லாம் வாங்கிவரும்.

இவ்வளவும் இருந்தும் ஆசிரியர் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் சிக்கல். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை 1955-லேயே தொடங்கிவிட்டது. யுனெஸ்கோ 1964-இல் தொடங்கி 1999-இல் முடித்த ஆப்பிரிக்கப் பொது வரலாறு எட்டுத் தொகுதிகள் கொண்டது. அதைப் பள்ளிப் பாடமாக்கும் முயற்சியை 2009-இல் தனியாகத் தொடங்கியது. எழுதி வைத்தால் வகுப்பறைக்குத் தானாகப் போய்ச் சேராது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. டெல்லியிலும் பாரிசில் யுனெஸ்கோவிடமும் இருப்பது வெள்ளிமலைக்கு வர வேண்டுமென்றால் நடுவில் ஒருவர் சுமந்து வர வேண்டும்.

சுமக்கும் அமைப்பு தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. குறுவளமையக் கூட்டங்கள் நடக்கின்றன. வட்டார வளமையங்களில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி இருக்கிறது. சிக்னல் ஏறாத மலைக் கிராமங்களுக்குச் செயலி உதவாது. அங்கே அச்சிட்ட நான்கு பக்கம் போதும்: ஒரு பக்கம் சரியான அளவில் வரைபடம், ஒரு பக்கம் சோனாவும் கோலமும், ஒரு பக்கம் கேழ்வரகின் பயணம், ஒரு பக்கம் வீரசோழபுரமும் பெனினும். புதிய பாடவேளை கேட்கவில்லை. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், தமிழ் ஆகிய நான்கிலும் இருக்கும் பாடங்களுக்குள்ளேயே இவை பொருந்தும். ஆண்டு விழாவில் கரி பூசும் நடனத்தை இந்த ஆண்டே நிறுத்த எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை, தலைமையாசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஆசிரியர்களே, வரும் நவம்பர் 16 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'ட்ரூரோ' கப்பலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். அன்று மாலை வீட்டுக்குப் போகும் பிள்ளைகளிடம், நம் ஊரிலிருந்து யாராவது நேட்டாலுக்கோ மொரீஷியசுக்கோ கப்பல் ஏறினார்களா என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.